762 பெரிசா, 493 பெரிசா?

செயின்ட் லூயிஸ் நகரத்துக்குள்ள போற 70ஆம் நம்பர் நெடுஞ்சாலையில ஏறக்குறைய அஞ்சு மைல் தூரத்துக்கு 1999ல ஒரு பேர் வச்சாங்க. மார்க் மெக்வயர் நெடுஞ்சாலை. அதுக்கு முந்தின வருஷம்தான் உள்ளூர் பேஸ்பால் அணியான கார்டினல்ஸுக்கு ஆடின மார்க் மெக்வயர் ஒரே சீசன்ல 70 ஹோம் ரன் அடிச்சிருந்தார். 70ஆம் நம்பர் ரோடு, 70 ஹோம் ரன். ஜாதகப் பொருத்தம் பார்த்து வச்ச மாதிரி பேரு. 2010 ஜனவரியில, தான் ஸ்டீராய்டு எடுத்தது உண்மைதான்னு மெக்வயர் வெளிப்படையா ஒத்துக்கிட்டார். அதே வருஷம் மிசௌரி மாநில சட்டமன்றம் அந்த ரோட்டுக்கு எழுத்தாளர் மார்க் ட்வைன் பேரை வச்சிடுச்சு. 'மார்க்' மட்டும் தப்பிச்சது.

ரோட்டுக்குப் பேர் மாத்தறது சுலபம். நாலு போர்டைக் கழட்டி நாலு போர்டை மாட்டினா முடிஞ்சுது. ஒரு விளையாட்டோட பதினஞ்சு வருஷக் கணக்கை என்ன பண்றது? இங்க வந்து பேஸ்பால் பைத்தியம் பிடிச்ச நாள்லேர்ந்து என்னை அரிச்சிட்டு இருக்கற கேள்வி இது. இதைப் பத்தி ஆபீஸ்ல பேச ஆரம்பிச்சா அன்னிக்கு மதியத்துக்கு மேல எவனும் ஆணி புடுங்க மாட்டான்.

பேஸ்பால் பார்க்காத மக்களுக்கு ஒரு நிமிஷ அறிமுகம். பந்தை மைதானத்து வேலிக்கு அந்தப் பக்கம் அடிச்சா ஹோம் ரன். நம்ம சிக்ஸர் மாதிரின்னு வச்சுக்கலாம், ஆனா சிக்ஸர் மாதிரி கொட்டாது. ஒரு சீசனுக்கு 162 மேட்ச். அத்தனையும் ஆடி 30 அடிச்சாலே அவர் பெரிய ஆளு. அதனால இங்க நம்பர்களுக்குத் தனி மரியாதை. பேப் ரூத் 1927ல அடிச்சது 60. ரோஜர் மாரிஸ் 1961ல அடிச்சது 61. ஹேங்க் ஆரன் வாழ்நாள் முழுக்க அடிச்சது 755. நம்ம ஊர்ல பிராட்மேனோட 99.94 மாதிரி, நம்பரைச் சொன்னாலே ஆளு யாருன்னு தெரிஞ்சிடும்.

இப்ப அந்த 61ஐ மட்டும் எடுத்துக்குவோம். 1962லேர்ந்து 1997 வரைக்கும் 36 சீசன். ஒருத்தராலயும் அதைத் தாண்ட முடியலை. 1998லேர்ந்து 2001 வரைக்கும் நாலே சீசன். ஆறு தடவை தாண்டிட்டாங்க. மெக்வயர் 70, 65. சமி சோசா 66, 63, 64. பாரி பாண்ட்ஸ் 73. மூணே பேர். அதுக்கப்புறம் 2002லேர்ந்து 2021 வரைக்கும் இருபது சீசன், மறுபடி ஒருத்தரும் இல்லை. 2022ல ஆரன் ஜட்ஜ் 62 அடிச்சு அந்த வறட்சியை முடிச்சு வச்சார்.

நாம பார்க்கற சர்வர்ல இப்படி ஒரு ஸ்பைக் வந்தா ராத்திரி ரெண்டு மணிக்கு நம்ம ஃபோன் அடிக்கும். லாகைத் தோண்டி, காரணத்தைக் கண்டுபிடிச்சு, காலையில மெயில் அனுப்பற வரைக்கும் தூங்க விடமாட்டாங்க. பேஸ்பால்ல நாலு வருஷம் ஸ்பைக் ஓடிச்சு. யார் ஃபோனும் அடிக்கலை. ஏன்?

காசுதான், வேற என்ன. 1994 ஆகஸ்ட்ல சம்பள உச்சவரம்பு சண்டையில ஆட்டக்காரர்கள் ஸ்டிரைக் பண்ணாங்க. சீசன் பாதியிலேயே நின்னுது. 1904க்கு அப்புறம் முதல் தடவையா வேர்ல்ட் சீரிஸே நடக்கலை. கோடீஸ்வர முதலாளியும் லட்சாதிபதி ஆட்டக்காரரும் அடிச்சுக்கறதைப் பார்த்து வெறுத்துப்போன ஜனம் மைதானத்துப் பக்கம் வர்றதைக் குறைச்சிடுச்சு. அந்த நேரத்துலதான் 1998ல மெக்வயரும் சோசாவும் போட்டி போட்டு அடிக்க ஆரம்பிச்சாங்க. ஊரே திரும்பி வந்துச்சு. டிவிக்குக் கொண்டாட்டம், முதலாளிகளுக்குக் கொண்டாட்டம், கமிஷனர் பட் சீலிக்குக்குக் கொண்டாட்டம். பொன்முட்டை போடற வாத்தோட ரத்தத்தை யார் டெஸ்ட் பண்ணுவா?

ஒரே ஒருத்தர் கேட்டார். ஸ்டீவ் வில்ஸ்டீன்னு ஏ.பி. செய்தி நிறுவனத்து நிருபர். 1998 ஆகஸ்ட்ல மெக்வயரோட லாக்கர்ல எல்லாருக்கும் தெரியற மாதிரி இருந்த ஒரு பாட்டிலைப் பார்த்தார். ஆண்ட்ரோஸ்டீன்டயோன். உடம்புக்குள்ள போய் டெஸ்டோஸ்டிரோனா மாறக்கூடிய சமாச்சாரம். அப்ப அது அமெரிக்கக் கடைகள்ல சாதாரணமா வித்தது. ஒலிம்பிக்ஸ்ல தடை, அமெரிக்கக் கால்பந்து லீக்ல தடை, பேஸ்பால்ல மட்டும் தடை கிடையாது. அவர் செய்தி எழுதினார். திட்டு யாருக்கு விழுந்ததுன்னு நினைக்கறீங்க? அவருக்குத்தான். லாக்கரை எட்டிப் பார்த்தது அநாகரிகம்னு கார்டினல்ஸ் மேனேஜர் டோனி லா ரூசாவே கொதிச்சார்.

இதுல இன்னொரு வேடிக்கை இருக்கு. விதியே இல்லைன்னு சொல்ல முடியாது. 1991லயே அப்போதைய கமிஷனர் ஃபே வின்சென்ட் எல்லா அணிக்கும் சுற்றறிக்கை அனுப்பிச்சு, சட்டவிரோத போதைப்பொருளோட ஸ்டீராய்டும் தடைன்னு சொல்லியிருந்தார். ஆனா டெஸ்ட் கிடையாது. டெஸ்ட் பண்ணணும்னா ஆட்டக்காரர் யூனியன் சம்மதிக்கணும். யூனியன் சம்மதிக்கலை, முதலாளிகளும் அதுக்காக மல்லுக்கட்டலை. டெஸ்ட் கேஸ் ஒண்ணுகூட எழுதாம, 'பக் எண்ணிக்கை பூஜ்யம்'னு கிளையண்டுக்கு ரிப்போர்ட் அனுப்பற புராஜெக்ட் மாதிரி ஓடிட்டு இருந்துச்சு.

இதுல யாருக்கு முதல்ல டெஸ்ட் வந்துச்சு தெரியுமா? மைனர் லீக் பசங்களுக்கு. 2001ல. காரணம் ரொம்ப சிம்பிள். அவங்களுக்கு அப்ப யூனியன் கிடையாது, யாரையும் கேட்க வேண்டியதில்லை. (அவங்களுக்கு யூனியன் வந்ததே 2022லதான்.) 73 ஹோம் ரன் அடிச்சவருக்கு டெஸ்ட் இல்லை. பஸ்ல ஊர் ஊராப் போய் சொற்பக் காசுக்கு ஆடற பையனுக்கு டெஸ்ட் உண்டு. ஆஹா, என்ன ஒரு நியாயம்!

அப்புறம் கதை வேகமா நகருது. 1996ல நேஷனல் லீகோட மிகச்சிறந்த ஆட்டக்காரர் விருது வாங்கின கென் காமினிட்டி, அந்த வருஷம் ஸ்டீராய்டு எடுத்துக்கிட்டுதான் ஆடினேன்னு 2002ல ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட் பத்திரிகைகிட்ட சொல்லிட்டார். 2004ல 41 வயசுலயே போய்ச் சேர்ந்துட்டார் பாவம். 2002 ஒப்பந்தத்துல யூனியன் ஒரு வழியா இறங்கி வந்துச்சு. 2003ல பேர் வெளிய வராம ஒரு சர்வே டெஸ்ட். 5 சதவீதத்துக்கு மேல மாட்டினா அடுத்த வருஷத்துலேர்ந்து நிஜ டெஸ்ட். டெஸ்ட் வருதுன்னு தெரிஞ்சும் 5லேர்ந்து 7 சதவீதம் வரைக்கும் மாட்டிச்சு.

அதே 2003 செப்டம்பர்ல சான் பிரான்சிஸ்கோ பக்கத்துல பால்கோங்கற சத்துமருந்துக் கம்பெனியில ரெய்டு. டெஸ்ட்ல சிக்காத மாதிரியே வடிவமைச்ச டி.எச்.ஜி.ன்னு ஒரு ஸ்டீராய்டு அங்கேர்ந்து வெளிய வந்துச்சு. ஒரு தடகளப் பயிற்சியாளர் பயன்படுத்தின ஊசியை ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்புக்கு அனுப்பி வைக்க, லாஸ் ஏஞ்சலஸ்ல டான் காட்லின்கற விஞ்ஞானியோட ஆய்வகம் அதுல மிச்சமிருந்த துளியை வச்சு அது என்னன்னு கண்டுபிடிச்சது. படிக்கறப்போ புல்லரிச்சது எனக்கு. பெயரே இல்லாத ஒரு மூலக்கூறை டீபக் பண்ணியிருக்காங்க!

2005 மார்ச்ல நாடாளுமன்ற விசாரணை. ரஃபேல் பால்மைரோ விரலை நீட்டி, நான் எடுத்ததே இல்லைன்னு சத்தியம் பண்ணார். ஆகஸ்ட்ல பாசிட்டிவ். மெக்வயர், பழசைப் பேச நான் இங்க வரலைன்னு நழுவினார். அதுக்கப்புறம்தான் தண்டனைக்குக் கொஞ்சமாவது பல் முளைச்சது. 2006லேர்ந்து முதல் தடவை மாட்டினா 50 மேட்ச், ரெண்டாவது 100, மூணாவது ஆயுள் தடை. 2014லேர்ந்து 80, 162, ஆயுள். 2007 டிசம்பர்ல முன்னாள் செனட்டர் ஜார்ஜ் மிட்செல் கொடுத்த அறிக்கையில 89 ஆட்டக்காரர்கள் பேர் இருந்துச்சு.

சரி, வரலாறு போதும். வாதத்துக்கு வருவோம். ஆபீஸ்ல நான் கேட்கற முதல் வாதம், "ஊசி போட்டா பந்து தானா பேட்ல படுமா?" படாதுதான். கண்ணும் கையும் சேர்ந்து வேலை செய்யற வித்தையை எந்த மருந்தும் கொடுக்காது. 95 மைல் வேகத்துல வர்ற பந்து பேட்டர்கிட்ட வந்து சேர 0.4 செகண்டுதான். அதுக்குள்ள பார்த்து, முடிவு பண்ணி, சுத்தணும். பாண்ட்ஸ் அதுல பிறவி மேதை. சந்தேகம் விழுந்த வருஷங்களுக்கு முன்னாடியே மூணு தடவை சிறந்த ஆட்டக்காரர் விருது வாங்கினவர். ஆனா அந்த மேதைகூட 2001க்கு முன்னாடி ஒரு சீசன்ல அதிகபட்சம் அடிச்சது 49. 37 வயசு ஆன வருஷம் 73. ஸ்டீராய்டு தசையைக் கட்டும், அதைவிட முக்கியமா, அலுத்த உடம்பைச் சீக்கிரம் தேத்தும். ஆறு மாசத்துல 162 மேட்ச் ஆடறவனுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம்! பேட் சுத்தற வேகம் துளி ஏறினா போதும், வேலிக்கு முன்னாடி கேட்ச் ஆகியிருக்க வேண்டிய பந்து வேலியைத் தாண்டிடும். மருந்து ஒண்ணும் தெரியாதவனை மேதை ஆக்காது. அவுட்டை ஹோம் ரன்னா ஆக்கிடும்.

(தெரிஞ்சே எடுக்கலை, ஆளிவிதை எண்ணெய்னு நினைச்சேன்னு பாண்ட்ஸ் விசாரணையில சொன்னார். நீதியைத் தடுத்தார்னு 2011ல வந்த தீர்ப்பும் 2015ல மேல்முறையீட்டுல ரத்தாயிடுச்சு. அதையும் சொல்லிடறேன், ஒரு பக்கமா எழுதின பாவம் நமக்கு வேண்டாம்.)

ரெண்டாவது வாதம்தான் எல்லாருக்கும் பிடிச்சது. "அப்ப எல்லாரும்தான் எடுத்தாங்க. பேட்டரும் எடுத்தான், பிட்சரும் எடுத்தான். அப்ப ரெண்டு பக்கமும் சமம்தானே?"

எனக்குக் கோவம் வர்ற இடம் இதுதான். ஏன்னா எல்லாரும் எடுக்கலை.

1994ல ஃப்ளோரிடாவுல ஃபோர்ட் மையர்ஸ் மிராக்கிள்ங்கற மைனர் லீக் அணியில நாலு பிட்சர்கள் இருந்தாங்க. மினசோட்டா ட்வின்ஸ் அணிக்குக் கீழ இருந்த அணி அது. நாலு பேருக்கும் கிட்டத்தட்ட ஒரே வயசு, ஒரே கனவு. 2012ல ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட் இவங்க கதையை எழுதிச்சு. நாலு பேர்ல ஒருத்தர் மட்டும் மருந்து எடுத்தார். டேன் நால்ட்டி. 90 மைலைக்கூடத் தொடாத அவரோட பந்து, உடம்பு பெருத்த பிறகு 95ஐத் தாண்டிச்சு. மேஜர் லீகுக்கும் போனார், 1999ல வேர்ல்ட் சீரிஸ் ஜெயிச்ச யாங்கீஸ் அணியிலயும் இருந்தார். மத்த மூணு பேரும் எடுக்கலை. மூணு பேரும் மேஜர் லீக்ல ஒரு மேட்ச்கூட ஆடலை. நால்ட்டியே பின்னாடி மனசு உடைஞ்சு எல்லாத்தையும் ஒத்துக்கிட்டார். தன்னால அடுத்தவங்களோட இடம் பறிபோச்சுன்னும் சொல்லியிருக்கார். அந்த நேர்மை எனக்குப் பிடிச்சிருக்கு. ஆனா அந்த மூணு பேருக்கு அது எந்த விதத்துல உதவும்?

ஒரு அணியில இருக்கற இடம் கணக்குப் போட்டு வச்ச மாதிரி 25 (இப்ப 26). ஒருத்தன் உள்ள போனா ஒருத்தன் வெளிய. பாண்ட்ஸ் எடுத்தாரா, கிளெமென்ஸ் எடுத்தாரான்னே முப்பது வருஷமா பேசறோம். அவங்க எடுக்காட்டியும் பெரிய ஆட்டக்காரங்கதான். மருந்து நிஜமா ஆளை மாத்தினது 25ஆவது இடத்துலதான். அங்க எடுத்தவன் உள்ளே, எடுக்காதவன் இன்ஷூரன்ஸ் விக்கப் போயிடுவான். அவன் பேர் எந்த அறிக்கையிலயும் வராது.

இது எனக்கு ஏன் இவ்வளவு உறைக்குதுன்னா, நம்ம பொழப்புலயும் இதைப் பார்த்திருக்கேன். இன்ஜினியரிங் முடிச்சு ரெண்டு வருஷம் ஒரு சின்னக் கம்பெனியில நாய் மாதிரி உழைச்சிட்டு, சென்னையில அடுத்த வேலை தேட ஆரம்பிச்சேன். என் ரெஸ்யூமேல ரெண்டு வருஷம். கூட இன்டர்வியூவுக்கு வந்தவன் ரெஸ்யூமேல அஞ்சு வருஷம். அவனும் என் பேட்ச்தான்! மூணு வருஷ அனுபவத்தை ஒரு கன்சல்டன்சியில காசு கொடுத்து வாங்கியிருந்தான். சம்பளச் சீட்டு, ரிலீவிங் லெட்டர் எல்லாம் பக்கா பேக்கேஜ். வேலை அவனுக்குப் போச்சு. "எல்லாரும் பண்றாங்க மச்சி, நீதான் இன்னும் பழைய காலத்துல இருக்க"ன்னு எனக்கு அட்வைஸ் வேற. ஆறு மாசம் நான் வீட்டுல உட்கார்ந்து அம்மா முகத்தைப் பார்க்க முடியாம இருந்தேன். பொய் சொன்னவன் மேலகூட அவ்வளவு கோவம் வரலை. நான் சொல்றது உண்மைன்னு காட்ட என்கிட்ட எந்த வழியும் இல்லையேங்கறதுதான் கொன்னுது. காகிதமா அவன்கிட்டயும் இருக்கு, என்கிட்டயும் இருக்கு. பார்க்கறவனுக்கு ரெண்டும் ஒண்ணுதான்.

அடுத்து போன கம்பெனியில பி.எஃப். சர்வீஸ் ஹிஸ்டரியைக் கேட்டாங்க. எந்த மாசம் எந்தக் கம்பெனி எவ்வளவு கட்டிச்சுன்னு அரசாங்க சைட்லேர்ந்து நேரா இறக்கித் தரணும். கூட இருந்த ரெண்டு மூணு பேருக்கு வேர்த்துடுச்சு. "நம்மள நம்பலியா, என்ன அவமானம்"னு ஒருத்தன் குதிச்சான். எனக்கு அன்னிக்கு அவமானமா இல்லை, சத்தியமா சந்தோஷமா இருந்துச்சு. கடைசியில என்னோட ரெண்டு வருஷத்துக்கு ரெண்டு வருஷ மதிப்பு கிடைச்சுது.

டெஸ்ட்ங்கறது திருடனைப் பிடிக்கறதுக்குன்னுதான் எல்லாரும் பேசறாங்க. என்னைக் கேட்டா அது ரெண்டாவது வேலை. முதல் வேலை, யோக்கியனுக்கு ஒரு சாட்சி கொடுக்கறது.

அந்தச் சாட்சி இல்லாத காலத்துல என்ன ஆகும்? எல்லார் மேலயும் சேறு. ஜெஃப் பேக்வெல், மைக் பியாஸா ரெண்டு பேர் மேலயும் பாசிட்டிவ் டெஸ்ட் ரிசல்ட்டும் இல்லை, மிட்செல் அறிக்கையில பேரும் இல்லை. ஆனா தசை இருந்துச்சு, அந்தக் காலத்துல ஆடினாங்க. போதாதா? ஹால் ஆஃப் ஃபேம்கற மாமன்னர் மண்டபத்துக்குள்ள போக பத்திரிகையாளர் ஓட்டுல 75 சதவீதம் வாங்கணும். பியாஸா நாலாவது வருஷம் 2016லதான் உள்ள போனார். பேக்வெல் ஏழாவது வருஷம், 2017ல. 2013ல பத்திரிகையாளர்கள் ஒருத்தரைக்கூடத் தேர்ந்தெடுக்கலை. அவங்க எடுத்தாங்களா இல்லையான்னு எனக்கோ உங்களுக்கோ எப்படித் தெரியும்? அதான் விஷயமே. தெரிஞ்சுக்க இருந்த ஒரே வழியை அந்த விளையாட்டே அடைச்சு வச்சிருந்தது.

யூனியன் பயந்ததுலயும் நியாயம் இருந்துச்சுங்கறதை மறைக்கக் கூடாது. 2003 சர்வே டெஸ்ட்ல சாம்பிள் நம்பர் ஒரு இடத்துல, பேர் இன்னொரு இடத்துலன்னு பிரிச்சு வச்சாங்க. டேட்டாபேஸ்ல வேலை பார்க்கறவனுக்குத் தெரியும், ரெண்டு டேபிளும் உலகத்துல எங்கேயோ இருக்குன்னா ஒரு நாள் எவனாவது ஜாயின் போட்டுடுவான். 2004 ஏப்ரல்ல போட்டுட்டாங்க. பால்கோ கேஸுக்காக பத்து ஆட்டக்காரர்களோட ரிசல்ட் தேடிப் போன அதிகாரிகள் நூத்துக்கும் மேற்பட்டவங்களோட லிஸ்ட்டை அள்ளிட்டுப் போயிட்டாங்க. அப்படிப் பண்ணது தப்புன்னு மேல்முறையீட்டு நீதிமன்றம் 2009ல சொல்றதுக்குள்ளயே அலெக்ஸ் ரோட்ரிகஸ், டேவிட் ஓர்ட்டிஸ்னு பேர்கள் பேப்பர்ல வந்தாச்சு. ரோட்ரிகஸ் ஒத்துக்கிட்டார். ஓர்ட்டிஸ் மறுத்தார். அந்த லிஸ்ட்ல சில ரிசல்ட் நிஜமாவே பாசிட்டிவான்னு சந்தேகம் இருந்துச்சுன்னு 2016ல கமிஷனர் ராப் மான்ஃப்ரெடே சொன்னார். ரகசியம்னு வாக்குக் கொடுத்துட்டு காப்பாத்தாத டெஸ்ட் யோக்கியனுக்கும் சாட்சி இல்லை.

டெஸ்ட் இருந்தா மட்டும் போதாது, அது ஒழுங்கா நடக்கணும்கறதுக்கு ரயன் பிரான் கதை. 2011ல மில்வாக்கி அணிக்கு ஆடி சிறந்த ஆட்டக்காரர் விருது வாங்கினவர். பாசிட்டிவ். ஆனா சாம்பிள் எடுத்தவர் சனிக்கிழமை கூரியர் கடை மூடியிருக்கும்னு நினைச்சு, சீல் வச்ச டப்பாவைத் தன் வீட்டுல வச்சிருந்து திங்கட்கிழமை அனுப்பினார். சீல் உடையலை. ஆனாலும் விதிப்படி நடக்கலைன்னு 2012ல நடுவர் தடையை ரத்து பண்ணார். பிரான் பிரஸ் மீட் வச்சு, சாம்பிள் எடுத்தவர் மேலயே சந்தேகம் விழற மாதிரி பேசினார். அடுத்த வருஷமே ஃப்ளோரிடாவுல பயோஜெனிசிஸ்னு ஒரு க்ளினிக் விவகாரம் வெடிச்சு, பிரான் 65 மேட்ச் தடையை ஏத்துக்கிட்டு, எடுத்ததை ஒத்துக்கிட்டு மன்னிப்பும் கேட்டார். மூத்திரம் பிடிச்சு அனுப்பற ஒரு மனுஷனைத்தான் இத்தனை நாள் ஊர் திட்டிட்டு இருந்தது. பாட்டில் பார்த்த நிருபருக்கு நடந்ததுதான் இவருக்கும்.

கடைசியா யார் விலை கொடுத்தா, யார் தப்பிச்சா? 762 அடிச்ச பாண்ட்ஸும் பிட்சர் ரோஜர் கிளெமென்ஸும் பத்தாவது, கடைசி வருஷம் 2022ல முறையே 66, 65.2 சதவீதத்தோட வெளிய. அதே ஓட்டுல ஓர்ட்டிஸ் முதல் வருஷமே 77.9 வாங்கி உள்ளே. 2022லயும் 2025லயும் கூடின தனிக் கமிட்டிகளும் பாண்ட்ஸையும் கிளெமென்ஸையும் ஏத்துக்கலை. சரி, தண்டனைன்னே வச்சுக்குவோம். ஆனா அந்தக் காலம் முழுக்கக் கமிஷனர் நாற்காலியில இருந்த பட் சீலிக் 2017ல அதே ஹால் ஆஃப் ஃபேமுக்குள்ள போயிட்டார். லாக்கரை எட்டிப் பார்த்ததுக்குக் கொதிச்ச லா ரூசா 2014லயே போயாச்சு. புரொடக்ஷன்ல பக் வந்தா டெவலப்பருக்கு மெமோ, மேனேஜருக்கு புரொமோஷன். உலகம் பூரா ஒரே நடைமுறைதான் போல.

இப்ப தலைப்புல இருக்கற 493க்கு வர்றேன். அது ஃபிரெட் மெக்கிரிஃப். 1989ல 36 அடிச்சு அமெரிக்கன் லீக்ல முதலிடம். 1992ல 35 அடிச்சு நேஷனல் லீக்ல முதலிடம். 1988லேர்ந்து 1994 வரைக்கும் தொடர்ந்து ஏழு வருஷம் 30க்கு மேல. மருந்துப் பேச்சே இவர் பக்கம் வந்ததில்லை. ஆறே வருஷத்துல உலகம் மாறிப்போச்சு. 35 அடிச்சா முதலிடம்கற ஊர்ல 70 அடிக்க ஆரம்பிச்சாங்க. மெக்கிரிஃப் அதுக்கப்புறமும் சில வருஷம் 30ஐத் தொட்டார், ஆனா திடீர்னு அது சாதாரணமாப் போச்சு. அளவுகோலை இழுத்து நீட்டிட்டாங்க. 500 அடிச்சா ஹால் ஆஃப் ஃபேம் நிச்சயம்னு ஒரு நம்பிக்கை. இவருக்கு ஏழு குறைஞ்சுது. 1994ல ஸ்டிரைக் வந்தப்போ 34 அடிச்சிருந்தார், அவர் அணிக்கு இன்னும் 48 மேட்ச் பாக்கி. பத்து வருஷம் ஓட்டுல நின்னார். 2019ல 39.8 சதவீதத்தோட முடிஞ்சுது. 2022 டிசம்பர்ல, பாண்ட்ஸை நிராகரிச்ச அதே கமிட்டி, 16க்கு 16 ஓட்டுல மெக்கிரிஃபை உள்ள கூப்பிட்டுச்சு. அப்ப அவருக்கு 59 வயசு.

பழைய ரெக்கார்டை எல்லாம் அழிச்சிடணும்னு நான் சொல்லலை. நடந்த மேட்ச் நடந்ததுதான், 73 அடிச்சது 73தான், லாகை அழிக்கக் கூடாது. நட்சத்திரக் குறி போடறதும் வெட்டி வேலை, யாருக்குப் போடணும்னு நமக்கு முழுசாத் தெரியவே தெரியாது. இன்னிக்கும் சுத்தம்னு சத்தியம் பண்ண மாட்டேன். ராபின்சன் கனோ ரெண்டு தடவை மாட்டினார், 2022ல ஃபெர்னாண்டோ டாட்டிஸ் ஜூனியர் 80 மேட்ச் வாங்கினார். ஆனா மாட்டறாங்க பாருங்க, அதுதான் வித்தியாசம்.

ஜட்ஜ் 62ஐ நெருங்கினப்போ, 61 அடிச்ச மாரிஸோட மகனே, இதுதான் உண்மையான ரெக்கார்டுன்னு சொன்னார். ஜட்ஜ்கிட்ட கேட்டாங்க. தன்னைப் பொறுத்தவரைக்கும் 73தான் ரெக்கார்டுன்னு சொல்லிட்டார். எவ்வளவு பெருந்தன்மை! இவ்வளவு நிதானமா அவரால அதைச் சொல்ல முடிஞ்சதுக்கு ஒரு காரணம், அவர் அடிச்ச 62ஐ யாரும் முறைச்சுப் பார்க்கலை. சீசன் முழுக்க எப்ப வேணா டெஸ்ட் வரும்கற விதிக்குள்ள நின்னு அடிச்சது அது. மெக்கிரிஃபுக்கு அந்தக் குடுப்பினை முப்பது வருஷம் லேட்டா வந்துச்சு, ஆனா வந்துச்சு.

ஃபோர்ட் மையர்ஸ்ல இருந்த அந்த மூணு பேருக்கு எந்தக் கமிட்டியும் கூடாது. மேஜர் லீக்ல அவங்க ஆடின மேட்ச் கணக்கு பூஜ்யம். 762, 493ன்னு நாம அடிச்சுக்கறப்ப அந்தப் பூஜ்யத்தையும் பக்கத்துல எழுதி வச்சுக்கிட்டுப் பேசலாம்னு தோணுது.